கடைசியாக மருந்து ஏற்றிய தேதி என்ன?

2021 மார்ச் 8, திங்கட்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் இருபது பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, அரசு சொன்ன இருபது நோய்களில் ஒன்று இருந்தால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மார்ச் 1 முதல் கதவு திறந்திருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நிணநீர்ப் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் இருந்தது. பத்திரிகையில் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

என் முறை வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு அமர்ந்தேன். செவிலியர் என் தலையில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். புருவம் உதிர்ந்த முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?"

கழுத்தில் கட்டி வந்தது, லிம்போமா என்றார்கள், கீமோ போய்க்கொண்டிருக்கிறது என்றேன். கையில் எடுத்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"கடைசியாக மருந்து ஏற்றிய தேதி என்ன?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக அம்பாசமுத்திரத்தில் பத்திரம் எழுதுகிறேன். யாருடைய தாய்ப்பத்திரம் எந்த ஆண்டில் பதிவானது, எந்த வயலில் என்ன வில்லங்கம் என்பதெல்லாம் வாயில் நிற்கும். என் உடம்பில் மருந்து ஏறிய தேதி மட்டும் நினைவில் இல்லை. "போன மாதக் கடைசியில்" என்றேன். "உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அண்ணாச்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார். வழிநெடுகக் கோபித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 17 அன்று ஐந்தாவது கீமோவுக்குப் பாளையங்கோட்டை போனபோது இதை மருத்துவரிடம் புகாராகவே சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டினார். நான்காவது கீமோ பிப்ரவரி 24. நான் ஊசிக்குப் போன நாள் அதிலிருந்து பன்னிரண்டாவது நாள். "அந்தச் செவிலியருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார். மருந்து ஏறிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை, தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் தரை தட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே மருத்துவமனைக்கு ஓடிவர வேண்டும். பாரசிட்டமாலை விழுங்கிவிட்டுப் படுத்துவிடக் கூடாது. தடுப்பூசியோ தன் பங்குக்கு ஒருநாள் காய்ச்சல் தரக்கூடியது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால், ஊசிக் காய்ச்சலா, உயிரைப் பறிக்கும் தொற்றா என்று பிரித்தறிய முடியாது. அதோடு, வெள்ளணு இல்லாதவன் இருபது பேர் இருமும் வரிசையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தது தனித் தவறு.

அன்று மாலையே பத்திர நகல் எழுதும் நீளநோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் ஐந்து தேதிகளை எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. வின்கிரிஸ்டின் என்ற மருந்து விரல் நுனிகளை மரத்துப்போக வைத்திருந்தது. பேனாவைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. இந்த நோயோடு இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்: மருந்தின் பெயர், ஏற்றிய தேதி, அடுத்த தேதி, கடைசி இரத்தப் பரிசோதனையின் வெள்ளணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு ஆகியவற்றின் எண்ணிக்கை. ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தடுப்பூசி போடுபவர் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு அந்தப் பக்கத்திலேயே பதில் இருக்கும்.

ஆறாவதும் கடைசியுமான கீமோ, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், ஏப்ரல் 7. இனி எப்போது ஊசி என்று கேட்டேன். மருத்துவர் அவசரப்படாமல் விளக்கினார். எனக்கு ஏற்றிய மருந்துகளில் ரிட்டுக்சிமாப் என்பது பி அணுக்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்களைத் தேடிப்பிடித்து அழிப்பது. புற்றும் அந்த அணுக்களில்தான் வந்திருந்தது. ஆனால் தடுப்பூசியைப் பார்த்து எதிர்ப்புப் பொருளை உற்பத்தி செய்வதும் அதே அணுக்கள்தாம். பட்டறையையே இடித்துவிட்டு அரிவாள் அடிக்கச் சொன்னால் எப்படி? ரிட்டுக்சிமாப் முடிந்து ஆறு மாதமாவது போனால்தான் ஊசி ஓரளவு பிடிக்கும் என்றார். வழக்கமான காலமாக இருந்தால் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். இப்போது இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருக்கிறது, கிடைக்கும் அரைக் காப்பையாவது வாங்கிக்கொள்வோம், வெள்ளணு தேறியதும் போடலாம் என்றார்.

அதற்குள் ஏப்ரல் 17 வந்தது.

நடிகர் விவேக் கோவில்பட்டியில் பிறந்தவர், எங்கள் சீமைக்காரர். 15ஆம் தேதி சென்னையில் எல்லோரும் பார்க்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலையில் போய்விட்டார். இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்ததாக மருத்துவமனை அன்றே சொன்னது. தடுப்பூசிக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு ஆராய்ந்து சொன்னது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதமும் எங்கள் தெருவில் வேறு பேச்சு கிடையாது. என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "நீங்களும் போட வேண்டாம், நானும் போட மாட்டேன். நல்ல உடம்புக்காரருக்கே இப்படி என்றால், உங்களுக்கு?"

அவளோடு நான் வாதாடவில்லை. அவள் பயத்தில் பிழையில்லை. ஐந்து மாதமாக என் வாந்தியை அள்ளியவள். சர்க்கரைக்காரனான எனக்கு ஒவ்வொரு கீமோவோடும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அந்த நாள்களில் சர்க்கரை நானூறைத் தாண்டும்போது நள்ளிரவில் எழுந்து இன்சுலின் போட்டவள். இன்னொரு புது மருந்து என்றால் நடுங்கத்தான் செய்வாள். அடுத்த பரிசோதனைக்கு அவளையும் அழைத்துப் போனேன். அது மட்டுமே நான் செய்தது.

மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் நடுவில் ஒரு வட்டம் போட்டார். சுற்றிலும் நான்கு வட்டங்கள். "நடுவில் இவர். சுற்றிலும் நீங்கள், மகன், மாமியார், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா. இவருக்கு ஊசி போட்டாலும் பிடிக்காமல் போகலாம். உங்களுக்குப் பிடிக்கும். வைரஸ் இவரிடம் தனியாக நடந்து வராது; உங்களில் ஒருவர் மூலமாகத்தான் வரும். இவருக்காக நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்" என்றார்.

என் மனைவி அந்தச் சீட்டை வாங்கி நான்காக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பத்தமடை தாண்டும் வரை பேசவில்லை. சேரன்மகாதேவி வந்ததும், "அத்தையை நாளைக் காலை கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றாள். மறுநாள் அவளும் என் தாயாரும் போட்டுக்கொண்டார்கள். பதினெட்டு வயதானவர்களுக்குத் திறந்ததும் மகன் போட்டுக்கொண்டான். என் பக்கத்தில் சோறு வைக்க வந்தவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்கள்.

நான் போட்டுக்கொண்டது மே 19, கடைசிக் கீமோ முடிந்து சரியாக ஆறு வாரம். கோவிஷீல்டு. அதில் இருப்பது பெருகும் திறன் நீக்கப்பட்ட வைரஸ். கோவாக்சினில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஆபத்தில்லை, எது முதலில் கிடைக்கிறதோ அது என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தார். ஒருநாள் காய்ச்சல், கை வலி, சர்க்கரை கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். ஆனால் ஆறு நாளைக்கு முன்புதான் இரண்டு தவணைகளுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் விட வேண்டும் என்று அரசு மாற்றியிருந்தது. இரண்டாவது ஊசிக்கு ஆகஸ்ட் 11 வரை காத்திருந்தேன்.

அதற்கு அப்புறம் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று தனியார் பரிசோதனைக் கூடத்தில் எதிர்ப்புப் பொருள் அளவைப் பார்த்தேன். முடிவு ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு இரவு தூங்கவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோனபோது, "இதைப் பார்க்கச் சொன்னது யார்?" என்று வருத்தப்பட்டார். பி அணு இல்லாதபோது அந்த எண் இப்படித்தான் வரும். டி அணுக்கள் என்று வேறொரு படை இருக்கிறது. ஊசி அதைப் பழக்கியிருக்கலாம், அது இந்தப் பரிசோதனையில் தெரியாது. எண் குறைவு என்பதற்காக ஊசி வீண் என்று எண்ணவும் வேண்டாம், கூடுதலாக வந்திருந்தால் முகக்கவசத்தைக் கழற்றவும் வேண்டாம் என்றார். 2022 ஜனவரியில் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வர 19 நாள் ஆனது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஊசிதான் காத்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆவணம் இல்லை. ஆனாலும் மூன்றாவது ஊசியை நான் விடவில்லை. அறுபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த ஏப்ரல் 10 முதல் தனியார் மையங்களில் பணம் கட்டிப் போட வழி திறந்தது. ஊசி 225 ரூபாய், போடும் கூலி 150 வரை. ஒன்பது மாத இடைவெளி முடிந்த வாரத்திலேயே போட்டுக்கொண்டேன். அதற்குள் ரிட்டுக்சிமாப் நின்று ஓராண்டு கடந்திருந்தது.

கொரோனாவைப் பற்றி மட்டுமே நாடு பேசியதால், புற்றுநோய்க்காரனுக்கு வேறு தடுப்பூசிகளும் உண்டு என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஒரு பாடம் வலிக்க வலிக்கக் கிடைத்துவிட்டது.

2021 அக்டோபரில் இடது விலாவில் எரிச்சல். மறுநாள் பட்டையாகக் கொப்புளம். அக்கி. சின்னம்மை வந்துபோன உடம்பில் நரம்புக்குள் பதுங்கிக் கிடக்கும் அதே கிருமி, எதிர்ப்புச் சக்தி சரிந்ததும் எழுந்து வருவதுதான் அது. பக்கத்து வீட்டு மதினி, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய் அக்கி எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். போனேன். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் என் விலாவில் தொட்டுத் தொட்டு எழுதினார். குளிர்ச்சியாக இருந்தது. காசு வாங்கவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் அறிந்த வைத்தியத்தை அன்போடு செய்தார். ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸை எதிர்க்கும் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். நான் பாளையங்கோட்டை போனது ஐந்தாம் நாள். கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி பங்குனி வரை நின்றது. சட்டைத் துணி உரசினாலே தீக்குச்சி கிழித்தது போல இருக்கும். வெறும் மார்போடு உட்கார்ந்துதான் பத்திரம் எழுதினேன். கீமோ எடுத்தவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் அக்கியைச் சாதாரணமாக எண்ணவே வேண்டாம். எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளிலேயே மாத்திரையும் விழுங்குங்கள்.

அக்கிக்கு உயிருள்ள கிருமியில்லாத தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு தவணை. விலை பல ஆயிரம். ஒரே மூச்சில் என்னால் முடியவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது போட்டுக்கொண்டேன்.

உயிருள்ள கிருமி என்றேன், அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். எங்களுக்கு எல்லாத் தடுப்பூசியும் ஒன்றல்ல. கிருமியை வலுவிழக்கச் செய்து உயிரோடு வைத்துத் தயாரித்தவை சில: தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை ஊசிகள், போலியோ சொட்டு மருந்து, காசநோய்க்கான பி.சி.ஜி., மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் தெளிக்கும் ஒருவகை ஃபுளூ மருந்து. கீமோவில் இருப்பவர்கள் அவற்றின் பக்கம் போகக் கூடாது. வலுவிழந்த கிருமியே நம் உடம்பில் வலுவடைந்துவிடும். ஃபுளூ ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி, டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. இவை நோயைத் தர மாட்டா. பலன்தான் சிலருக்குக் குறையும். நாய் கடித்தால் மட்டும் கீமோ நடக்கிறது என்று ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஓடுங்கள்; எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்று சொல்லிவிடுங்கள்.

தங்கை மகள் பிரசவத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் வந்து தங்குவதாக இருந்தது. குழந்தைக்குப் போலியோ சொட்டு கொடுக்கும் நேரம். அந்தச் சொட்டில் உள்ள வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். குழந்தையின் தடுப்பு மருந்தை எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது, வரவைத் தள்ளிவையுங்கள் என்றார் மருத்துவர். கடையத்திலேயே இருந்து சொட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். பேரனை மடியில் வாங்கியபோது அவன் தலை நின்றிருந்தது.

நிமோனியா ஊசியில் நான் பணத்தை இழந்த கதையும் உண்டு. திருநெல்வேலியில் ஒரு மருந்துக் கடையில் மூவாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். மே மாத வெயில். வழியில் பஸ் பழுதாகி அரைமணி நேரம் நின்றது. அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், எங்கள் குடும்ப மருத்துவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டிய பொருள் இது, போட மாட்டேன் என்றுவிட்டார். மறுமுறை பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்க் கொண்டுபோனேன். அதிலும் ஒரு சூட்சுமம்: மருந்துப் புட்டி பனிக்கட்டியில் ஒட்டி உறைந்தாலும் கெட்டுவிடும். செய்தித்தாளில் சுற்றி, நடுவில் துணி வைத்துக் கொண்டுவந்தேன். இப்போதெல்லாம் வாங்கும் இடத்திலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன். நிமோனியா ஊசியில் பல வகை உண்டு. எனக்கு 13 வகைக் கிருமிகளுக்கானது முதலில், எட்டு வாரம் கழித்து 23 வகைக்கானது. ஃபுளூ ஊசி ஒவ்வோர் ஆண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில்.

என் அக்காளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவர்களுக்கு மஞ்சள் காமாலை பி ஊசி இரு மடங்கு அளவில், நான்கு தவணை போட்டார்கள்: முதல் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். இந்த ஊசிக்கு எதிர்ப்புப் பொருள் அளவைப் பார்க்கத்தான் வேண்டும். குறைந்தால் மீண்டும் போடுவார்கள். எனக்கும் ரிட்டுக்சிமாப் தொடங்கும் முன்பே அந்த வைரஸ் இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். பழைய தொற்று ஈரலில் ஒளிந்திருந்தால் அந்த மருந்து அதை எழுப்பிவிடுமாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அத்தான் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஊசி போட்டால் இரத்தம் நிற்காதே என்று தயங்கினார். மாத்திரையை நிறுத்த வேண்டாம், மெல்லிய ஊசியாகப் போடச் சொல்லுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள் என்றார்கள். அப்படியே செய்தார், ஒரு சொட்டு வரவில்லை. தட்டணு ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கையை நீட்டக் கூடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வண்ணார்பேட்டை வரை ஏறியபோது, அத்தான் வீட்டில் சேறு அள்ளப் போய் என் காலில் ஆணி ஏறியது. முகாமில் இருந்த இளம் மருத்துவர் டெட்டனஸ் ஊசியை எடுத்தார். நோட்டு அம்பையில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். பார்த்தார், தலையசைத்தார், போட்டார்.

போன ஆவணி மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு இடப்பக்க மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். அடுத்து கீமோ. "ஊசி ஏதாவது போட வேண்டுமா அண்ணாச்சி, போட்டால் தப்பாகிவிடுமா?" என்று கேட்டார்கள். நான் மருத்துவன் இல்லை, என் தேதிகள் உங்களுக்குப் பொருந்தா என்று முதலில் சொன்னேன். இடக்கையை யாரிடமும் நீட்ட வேண்டாம். ஊசி, இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் வலக்கையில். ஃபுளூ, நிமோனியா ஊசிகளைக் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பே போட்டால் உடம்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள் என்றேன். பிறகு நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் அவர்களுக்காகக் கோடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"மருந்து ஏற்றத் தொடங்கும் தேதி என்ன?"

கணவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போனார்கள்.